கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓநாய், அந்தப் பக்கமும் ஓநாய்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கார்டினர் என்றொரு சிற்றூர். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வடக்கு வாசல் இதுதான். ஊரைத் தாண்டி 89-ம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போனால், யெல்லோஸ்டோன் ஆற்றின் இரு கரையிலும் மேய்ச்சல் நிலம். 'பாரடைஸ் வேலி' என்று பெயர். கறுப்பு மாடுகள், உலர்புல் உருளைகள், பின்னால் பனிமலை. பூங்காவுக்கும் பண்ணைகளுக்கும் நடுவே ஓநாயைத் தடுக்கும் வேலி கிடையாது. ஆனால், எல்லைக்குத் தெற்கே பூங்காவில் ஓநாய் வேட்டைக்குத் தடை. வடக்கே, பருவத்தில் உரிமம் வாங்கிச் சுடலாம்.

தெற்கே லாமார் பள்ளத்தாக்கில் விடிவதற்கு முன்பே தொலைநோக்கியோடு சாலையோரம் ஆட்கள் நிற்பார்கள். ஓநாய் பார்க்க வருகிறவர்களால் விடுதிகளுக்கும் வழிகாட்டிகளுக்கும் பிழைப்பு நடக்கிறது. வடக்கே, கன்று ஈனும் பருவத்தில் பண்ணைக்காரருக்குத் தூக்கம் போகிறது.

ஒரு காலத்தில் அரசே ஓநாய்களை ஒழித்தது. பூங்காவில் கடைசி ஓநாய்கள் கொல்லப்பட்டது 1926-ல். 1973-ல் அழிந்துவரும் உயிரினங்களுக்கான பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து பூங்காவில் விட்டார்கள். அவை பெருகின. 'போதுமான எண்ணிக்கை வந்துவிட்டது' என்று மத்திய அரசு 2008-லும் 2009-லும் பட்டியலிலிருந்து நீக்கியது. வழக்குப் போட்டார்கள், இரண்டு முறையும் நீதிமன்றம் பாதுகாப்பைத் திரும்பக் கொண்டுவந்தது.

2011-ல் விஷயம் நாடாளுமன்றத்துக்குப் போனது. மொன்டானா செனட்டர் ஜான் டெஸ்டர், ஜனநாயகக் கட்சிக்காரர், தானியம் பயிரிடும் விவசாயி. அடுத்த ஆண்டு அவருக்குக் கடுமையான தேர்தல். அவரும் ஐடஹோவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் மைக் சிம்ப்சனும் சேர்ந்து, பட்ஜெட் மசோதாவில் ஓநாயை நீக்கும் ஒரு பிரிவைச் செருகினார்கள். இதை நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்றும் எழுதிவிட்டார்கள். ஓர் உயிரினத்தை நாடாளுமன்றமே நேரடியாகப் பட்டியலிலிருந்து எடுத்தது அதுதான் முதல் முறை.

பொறுப்பு மாநிலங்களின் கைக்கு வந்தது. 2021-ல் மொன்டானா வேட்டை விதிகளைத் தளர்த்தியது. பூங்காவை ஒட்டிய பகுதிக்கு இருந்த சிறு வரம்பும் போனது. அந்தக் குளிர்காலத்தில் மட்டும், எல்லை தாண்டி வெளியே வந்த பூங்கா ஓநாய்களில் சுமார் 25 செத்தன. எதிர்ப்பு கிளம்பியதும், அடுத்த பருவத்தில் கார்டினர் பகுதிக்கு 6 என்று வரம்பு வைத்தார்கள்.

பண்ணைக்காரரின் குறையும் நியாயமானது. மாநிலத்தின் கால்நடை இழப்பு வாரியம் பணம் தருகிறது. அதற்கு, கொன்றது ஓநாய்தான் அல்லது பெரும்பாலும் ஓநாய்தான் என்று அதிகாரி வந்து பார்த்துச் சான்று தர வேண்டும். மலைச்சரிவில் காணாமல் போன கன்றுக்கு எதைக் காட்டுவது? கழுகும் கரடியும் மிச்சம் வைப்பதில்லை.

பக்கத்திலுள்ள டாம் மைனர் பள்ளத்தாக்கில் சில பண்ணைக்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். மேய்ச்சல் பருவத்தில் குதிரையில் ஆள் வைத்து மந்தையோடு சுற்றுகிறார்கள். மாடுகள் சிதறாமல் கூட்டமாக நிற்கப் பழக்குகிறார்கள். நம் கிடைக்காவல் மாதிரிதான். ஆள் கூலிதான் சுமை.

பட்டியலில் இருந்தாலும் எடுத்தாலும் ஓநாய் மேய்ச்சல் நிலத்துக்கு வரத்தான் செய்யும். சுடலாமா, கூடாதா என்பதை நீதிமன்றமும் நாடாளுமன்றமும் மாறி மாறித் தீர்மானித்துவிட்டன. ராத்திரி மந்தையோடு நிற்கும் ஆளுக்கு யார் கூலி கொடுப்பது என்பதற்கு மட்டும் இன்னும் முழுப் பதில் இல்லை.