முன் அனுபவம் உண்டா?

"பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்" என்று நம் பக்கம் ஒரு பேச்சு உண்டு. பி.காம். முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்களின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். வேலை வேண்டுமென்றால் அனுபவம் வேண்டும். அனுபவம் வேண்டுமென்றால் யாராவது வேலை கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கில் எங்கிருந்து தொடங்குவது?

திருப்பூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் ஒரு ஊரைச் சேர்ந்த பையன் ஒருவனுடைய கதை இது. பெயர் எதற்கு? அவன் என்றே வைத்துக்கொள்வோம். அப்பா விசைத்தறிக் கூடத்தில் தறி ஓட்டுகிறவர். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவர். வீட்டில் முதல் பட்டதாரி அவன்தான். தங்கை பன்னிரண்டாவது படிக்கிறாள்.

கல்லூரியின் கடைசி வருடக் கட்டணத்துக்கு அம்மா தன் மகளிர் சுயஉதவிக் குழுவில் 40,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தார். மாதத் தவணை. "பரீட்சை முடிஞ்ச ரெண்டே மாசத்துல வேலைக்குப் போயிருவேன், அப்பறம் தவணை என் பொறுப்பு" என்று அவன் சொல்லியிருந்தான். ரிசல்ட் வந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. தவணையை அம்மாவே கட்டிக்கொண்டிருந்தார்.

ஒரே கேள்வி, ஒரே பதில்

அந்த ஆறு மாதத்தில் அவன் ஏறி இறங்கிய அலுவலகங்கள் பதினேழு. நோட்டில் எழுதி வைத்திருந்தான். எல்லா இடத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"எத்தனை வருசம் எக்ஸ்பீரியன்ஸ் தம்பி?"

"இப்பத்தானுங்க சார் முடிச்சேன்."

"சரி, ரெஸ்யூமை வெச்சுட்டுப் போங்க. சொல்லி அனுப்பறோம்."

யாரும் சொல்லி அனுப்பவில்லை.

அந்த ரெஸ்யூமையும் குறை சொல்ல வேண்டும். பிரவுசிங் சென்டரில் யாருடையதையோ பார்த்து அடித்தது. பெயர், அப்பா பெயர், மதிப்பெண், மூன்று மாத டேலி சான்றிதழ், பொழுதுபோக்கு என்ற இடத்தில் கிரிக்கெட், பாட்டுக் கேட்பது. 'முன் அனுபவம்' என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு. வகுப்பில் இருந்த அறுபது பேருடைய ரெஸ்யூமும் அப்படித்தான் இருந்தது. பெயரை மட்டும் மாற்றினால் போதும்!

திருப்பூரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பனியன் கம்பெனி கேட்டுகளில் தொங்கும் அட்டைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "டெய்லர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை." கைமடிக்கு அனுபவம் கேட்க மாட்டார்கள். டெய்லர் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுப்பது, மடிப்பது, அடுக்குவது. சாப்பாட்டு நேரத்தில் மெஷின் சும்மா இருக்கும்போது கழிவுத் துணியில் தைத்துப் பழகிக்கொள்ளலாம். சில மாதம் போனால் அதே கைமடி ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்துவிடுவார். தெரியாமல் வந்தவர் தெரிந்துகொள்ள அங்கே ஒரு படிக்கட்டு இருக்கிறது. அதே கம்பெனியின் மாடியில் இருக்கும் கணக்குப் பிரிவில் அந்தப் படிக்கட்டு இல்லை. அங்கே முதல் நாளே தைக்கத் தெரிந்தவர்தான் வேண்டும்.

அவர்கள் ஏன் கேட்கிறார்கள்?

ஆறு மாதமும் அவன் முதலாளிகளைத் திட்டிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு கணக்குப் பிரிவின் மாதம் தேதிகளால் ஆனது. 7-ம் தேதிக்குள் டி.டி.எஸ். கட்ட வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்கள் 11-ம் தேதிக்குள் விற்பனை விவரம், அதாவது ஜி.எஸ்.டி.ஆர்.1 போட வேண்டும். 15-ம் தேதிக்குள் பி.எஃப். 20-ம் தேதிக்குள் 3பி. தேதி தப்பினால் 3பி-க்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரி பாக்கி இருந்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

அதோடு முடிவதில்லை. ஜி.எஸ்.டி. எண்ணில் 15 இலக்கம். அதில் ஒரு எழுத்தை மாற்றி அடித்தால் வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. அவர் பணத்தை நிறுத்தி வைப்பார். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று துணி கை மாறிக்கொண்டே இருக்கும் ஊர் இது. ஒரு டெலிவரி சலான் தொலைந்தால் பத்துப் பேருக்குத் தலைவலி. சின்ன அலுவலகத்தில் இருப்பதே இரண்டு மூன்று பேர். புதிதாக வருகிறவனுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க யாருக்கு நேரம்?

கல்லூரியிலோ கணக்கு எப்போதும் சுத்தமாக வரும். கேள்வித்தாளில் தேவையான எல்லா விவரமும் இருக்கும். கடைசியில் இருபக்கமும் சரியாக நிற்கும். அலுவலகத்தில் கணக்கு மஞ்சள் பையில் வரும்! பாதி பில்லில் தேதி அழிந்திருக்கும், மீதியில் டீக்கறை. அதை எப்படிப் பிரித்து அடுக்குவது என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை.

குறுக்கு வழி

ஏழாவது மாதம் நண்பனின் நண்பன் ஒருவன் வந்தான். "3,000 ரூபாய் குடு மாப்ள. ரெண்டு வருசம் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்டா இருந்ததா லெட்டர் பேடுல சீல் போட்டுத் தர்றேன்" என்றான். அவனோடு படித்த இரண்டு பேர் வாங்கிவிட்டார்களாம்.

இரண்டு நாள் அவனுக்குத் தூக்கமில்லை. ஆறு மாதமாகத் தின்ற சோறு தொண்டையில் நிற்கிற வயதில், 3,000 ரூபாய் பெரிய விலையாகத் தெரியாது. ஆனால் இதில் இருக்கும் ஓட்டைகளை யோசித்துப் பாருங்கள். 2014 முதல் பி.எஃப். உறுப்பினர்களுக்கு யு.ஏ.என். என்ற ஒரே எண் இருக்கிறது. எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்று அதிலேயே தெரிந்துவிடும். இரண்டு வருட அனுபவம் என்கிறவனுக்கு ஒரு மாத பி.எஃப். கூட இல்லையென்றால் என்ன பதில் சொல்வான்? பி.எஃப். இல்லாத சின்னக் கம்பெனி என்று சமாளித்தாலும், "3பி கடைசியா எப்பப் போட்டே?" என்ற ஒரு கேள்வி போதும்.

ஆனால் உண்மையில் அவனைத் தடுத்தது யு.ஏ.என். அல்ல. அந்த மாதம் இரண்டாம் ஞாயிறு அம்மாவின் குழுக் கூட்டம் இருந்தது.

குழுவின் பேரேடு

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் 1989-ல் தர்மபுரியில் தொடங்கியது. வங்கிகளோடு குழுக்களை இணைக்கும் திட்டத்தை நபார்டு 1992-ல் தொடங்கியது. 12 முதல் 20 பெண்கள் சேர்ந்தால் ஒரு குழு. அதற்குத் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு - கடன் பேரேடு எல்லாம் உண்டு. கணக்கு ஒழுங்காக இருந்தால்தான் அடுத்த வங்கிக் கடன் கிடைக்கும்.

அம்மா அந்தக் குழுவின் ஊக்குநர். எட்டாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டி எழுதுவதற்குள் கூட்டமே முடிந்துவிடும் என்பதால் அவன் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அந்தப் புத்தகங்களை எழுதி வந்தான். ஏழு வருடம்! அதை அவன் ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. அம்மாவுக்குக் கூடமாட உதவி, அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு அம்மாவின் தவணையை எழுதும்போது அடுத்த ஆளின் வரிசையில் எழுதிவிட்டான். கை பழக்கத்தில் எண் மேலேயே திருத்தப் போனான்.

"மேல எழுதாத கண்ணு. ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு, பக்கத்துல சரியா எழுதிக் கையெழுத்து வை. பேங்க்குல கேட்டா தப்புனு சொல்லிக்கலாம். மறைச்சோம்னு ஆயிறக் கூடாது" என்றார் அம்மா.

பதினைந்து பெண்கள் அம்மாவை நம்பிப் பணம் கொடுக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் அந்த ஒரு கோடுதான். அன்றைக்கு இரவே நண்பனுக்குப் போன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

பதினெட்டாவது அலுவலகம்

அடுத்த வாரம் போனது ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கு. அதே கேள்வி. "இதுவரைக்கும் என்ன பண்ணீட்டு இருந்தே?" வழக்கமான பதில் வாய்வரை வந்தது. பிறகு, "அம்மாவோட மகளிர் குழுவுக்கு ஏழு வருசமா கணக்கு எழுதறேனுங்க சார்" என்றான்.

ஆடிட்டர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு கட்சிக்காரரின் வங்கி ஸ்டேட்மெண்டையும் பேங்க் புக்கையும் எடுத்துப் போட்டார். "107 ரூபாய் 70 காசு உதைக்குது. கண்டுபிடி."

அவன் முதலில் பார்த்தது 17 ரூபாய் 70 காசு. வங்கி பிடிக்கும் எஸ்.எம்.எஸ். கட்டணம். 15 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. குழுவின் பாஸ்புக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துப் பழகிய தொகைதான். புத்தகத்தில் அதை எழுதாமல் விட்டிருந்தார்கள். மீதி 90. ஒன்பதால் மீதியின்றி வகுபடும் வித்தியாசம் என்றால் பெரும்பாலும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கும். இதுவும் குழுக் கணக்கில் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். அப்படித் தேடியதில் 9,450 ரூபாய் வரவை 9,540 என்று அடித்திருந்தது கிடைத்தது. ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டான்.

"இதை ஏன் ரெஸ்யூம்ல போடலை?" என்றார் ஆடிட்டர். அவனிடம் பதில் இல்லை.

சம்பளம் மூன்று மாதத்துக்கு 8,000. அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார். அம்மா செக்கிங்கில் வாங்குவதைவிடக் குறைவு. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல்தான் அவன் வீட்டுக்கு வந்தான்.

மற்றவர்கள் என்ன செய்யலாம்?

எல்லோருடைய வீட்டிலும் குழுக் கணக்கு இருக்காதே என்று கேட்கலாம். மளிகைக் கடையின் கடன் நோட்டு இருக்கும். சித்தப்பாவின் தறிக் கூலிக் கணக்கு இருக்கும். கோயில் திருவிழா வரவு செலவு, கல்லூரி விழாவின் செலவுக் கணக்கு இருக்கும். 'முன் அனுபவம்' என்ற இடத்தில் கோடு போடும் முன் இவற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். எத்தனை வருடம், எத்தனை பேர், எவ்வளவு பணம் என்று எண்ணோடு எழுத வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு வழி, தொழிற்பழகுநர் பயிற்சி. 1961-ம் ஆண்டுச் சட்டம் அது. பொறியியல் படித்தவர்களுக்குத்தான் என்று நினைத்துவிடுகிறோம். 2014 திருத்தத்துக்குப் பிறகு கலை, வணிகவியல் பட்டதாரிகளும் சேரலாம். 2019 விதிகளில் பட்டதாரிகளுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தார்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும் என்றும் வந்தது. தென்மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. முடிவில் கிடைக்கும் சான்றிதழ் யாரும் சந்தேகிக்க முடியாத அனுபவம்.

சி.ஏ. படிக்க நினைப்பவர்களுக்கு ஆர்ட்டிகிள்ஷிப் இருக்கிறது. மூன்று வருடமாக இருந்ததை 2023 ஜூலையில் இரண்டு வருடமாகக் குறைத்திருக்கிறார்கள். வங்கி கிளார்க் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கும் முன் அனுபவம் கேட்பதே இல்லை. ஆனால் போட்டி எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அங்கே பட்டதாரிக்கு உதவித்தொகை மாதம் 600 ரூபாய். அதுவும் பதிந்து ஐந்து வருடம் ஆன பிறகுதான். பதிவது நல்லது, அதை மட்டும் நம்பியிருப்பது நல்லதல்ல.

வேலை தருகிறேன் என்று சொல்லி முன்பணம் கேட்கும் இடத்தை மட்டும் திரும்பிப் பார்க்காமல் விட்டு வந்துவிட வேண்டும். சம்பளம் தர வேண்டியவர் நம்மிடம் எதற்குப் பணம் கேட்கிறார்?

கடைசியாக

அவன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. சம்பளம் 13,000 ஆகியிருக்கிறது. 20-ம் தேதி நெருங்கினால் வீட்டுக்கு வர இரவு பத்து மணி ஆகிறது. தங்கை நர்சிங் சேர்ந்திருக்கிறாள்.

போன மாதம் குழுக் கூட்டத்தில் அம்மாவின் கடைசித் தவணையை அவனே எழுதினான். நிலுவை என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டு, அம்மாவிடம் கையெழுத்துக்கு நீட்டினான். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. அம்மா விரலை வைத்து அந்த வரியை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அந்த அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். பி.காம்., முன் அனுபவம் இல்லை. மஞ்சள் பையைப் பிரித்து பில்களைத் தேதிவாரியாக அடுக்கச் சொல்லிக்கொடுப்பது அவன்தான்.