512 பைட்

நேத்து ராத்திரி பழைய எக்ஸ்பாக்ஸ் கேம் கன்சோல் ஒண்ணைப் பிரிச்சேன்.

ஆறு ஸ்க்ரூ. ரப்பர் காலுக்கு அடியில, ஸ்டிக்கருக்கு அடியில ஒளிஞ்சு கிடக்கு. நகத்தால சுரண்டி எடுத்துத் திருப்பினப்ப கை லேசா நடுங்குச்சு.

இதே மாடல் பெட்டியோட ரகசியத்தைத்தான் 2002-ல எம்.ஐ.டி. மாணவரா இருந்த ஆண்ட்ரூ 'பன்னி' ஹுவாங் உடைச்சார்.

ஃபிளாஷ் சிப்புல இருந்த பூட் கோடு, அதாவது ஆன் பண்ணதும் முதல்ல ஓடற நிரல், வெறும் கண்துடைப்பு.
நிஜமானது 512 பைட். வேறொரு சிப்புக்குள்ள பூட்டி வெச்சிருந்தாங்க.

ஆனா எவ்ளோ பூட்டினாலும் அது ப்ராசஸருக்குப் போய்ச் சேரணும்ல?
போற வழியில, போர்டு மேல ஓடற 'பஸ்'ங்கற செப்புக் கோடுகள்ல ஒரு சின்ன போர்டைப் பத்தவெச்சு ஒட்டுக்கேட்டார்.
அந்த 512 பைட்டுக்குள்ள இருந்த ரகசியச் சாவி கிடைச்சிடுச்சு!

பாடப்புத்தகத்துல எனக்கு 'பஸ்'னா ஒரு அம்புக்குறி, அவ்ளோதான். நேத்து அந்தக் கோடுங்களை விரலால தடவினப்பதான் அது நிஜமாவே ஒரு பாதைன்னு உறைச்சுது.

ஹுவாங்கோட 'ஹாக்கிங் தி எக்ஸ்பாக்ஸ்' 2003-ல வந்த புத்தகம். இணையச் செயல்பாட்டாளர் ஆரன் ஸ்வார்ட்ஸ் நினைவா 2013-ல இலவசமாவே கொடுத்துட்டாங்க. சால்டரிங்லேருந்து சொல்லித் தருது.

பரண்ல ஓடாத கன்சோல் கிடந்தா பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு, பவர் சப்ளை பக்கம் மட்டும் கை வைக்காம, ஒரு தடவை திறந்து பாருங்க.