எந்த வண்ணத்தின் மேல் எந்த வண்ணம்

ஆவணி பிறந்தால் நெமிலிச்சேரியில் என் வீட்டுக்குப் பழைய கொலு பொம்மைகள் வரத் தொடங்கும். காஞ்சிபுரத்துக் காகிதக்கூழ் தசாவதாரம், பண்ருட்டிக் களிமண் செட்டியார், நான்கு அங்குலம்கூட இல்லாத கல்யாண செட். பட்டாபிராம், ஆவடி, திருநின்றவூர்க்காரர்கள் கொண்டுவந்து, "பெயிண்ட் அடிச்சுக் குடுத்துடுங்க" என்பார்கள். எந்த பெயிண்ட் என்பதில்தான் வேலையே இருக்கிறது.

முதலில் பொம்மையின் அடிப்பக்கத்தை ஈரப் பஞ்சால் தொடுவேன். நிறம் ஒட்டி வந்தால் பசை கலந்த பழைய நீர்வண்ணம். வராவிட்டால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சு, பிசுபிசுத்தால் அக்ரிலிக். இரண்டுக்கும் அசையாமல் பளபளத்தால் பெரும்பாலும் எனாமல்.

அக்ரிலிக்கில் நீர் ஆவியானதும் பிசின் துகள்கள் இணைந்து படலமாகிவிடும். பிறகு தண்ணீர் அதைக் கரைக்காது. எனாமல் காற்றின் ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. ராத்திரி பூசியது காலையில் விரலில் ஒட்டாமல் இருக்கலாம்; உள்ளே இறுக நாட்கள் பிடிக்கும். அதற்குள் மேலே அக்ரிலிக் பூசினால் வெடிப்பு விடும். முழுக்க இறுகிய எனாமலையும் நைஸ் உப்புத்தாளால் தேய்த்தால்தான் அக்ரிலிக் பிடிக்கும். எனாமல் மேல் என்.சி. தின்னர் கலந்த லாக்கர் கூடவே கூடாது. அடிவண்ணம் சுருங்கிக் கிளம்பிவிடும்.

ஒன்றைக் கரைப்பது மற்றதைக் கரைக்காது என்பதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். புடவையை அக்ரிலிக்கில் தீட்டி நன்றாகக் காயவிடுகிறேன். பழுப்பு எனாமலை டர்பன்டைனில் தண்ணீராய்க் கரைத்து மேலே ஓடவிட்டால், அது மடிப்புகளில் போய்த் தங்கும். மேடுகளில் இருப்பதை டர்பன்டைன் பஞ்சால் துடைத்தெடுக்கலாம். கீழே புடவை நிறம் கலங்காது. விரல் நீளப் பொம்மைக்கு அப்போதுதான் உடம்பு வருகிறது. வெளிநாடுகளில் சிறு போர்வீரர் உருவங்களுக்கும் மாடல் டாங்கிகளுக்கும் வண்ணம் தீட்டுவோரும் இதைத்தான் செய்கிறார்கள். நிஜ டாங்கிகள் உருவாகும் ஆவடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதை நினைக்கும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி.

கண் திறப்பது கடைசியில். முகத்துக்கு ஒரு கோட் வார்னிஷ் அடித்துக் காயவைத்த பிறகே மெல்லிய பிரஷ்ஷை எடுப்பேன். விழி கோணினால் ஈரம் காயுமுன் துடைத்துவிடலாம்; முக நிறம் அப்படியே இருக்கும். புரட்டாசி மழை நாளில் ஸ்பிரே வார்னிஷைத் தொடவே மாட்டேன். காற்றின் ஈரம் படிந்து பளபளப்பு வெண்மையாகப் பூத்துவிடும்.

பழைய நீர்வண்ணம் நன்றாக இருக்கும் களிமண் பொம்மைக்கு எனாமல் கேட்டால் மறுத்துவிடுகிறேன். மண் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லாமல், எனாமல் ஏடு ஏடாகப் பெயரும்; அந்தக் காலத்துக் கைவினைஞர் இழுத்த புருவக் கோடும் அதோடு போய்விடும். அப்படிப்பட்ட பொம்மை உங்கள் பரணில் இருந்தால் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி மட்டும் தட்டுங்கள். வண்ணம் தீட்டியே ஆக வேண்டியவற்றை ஆடியிலேயே கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கோட்டும் காய நாள் வேண்டும்.