மாலை போட்ட அப்பா

செஞ்சி ராஜகிரிக் கோட்டையில் பாதிப் படி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. கூட வந்த கல்லூரி நண்பன் பாறைமேல் உட்கார்ந்துவிட்டான். தன்பால் உறவைக் குற்றமாக்கும் 377-வது பிரிவு செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்ன வாரம் அது, 2013 டிசம்பர்.

"நானும் அப்படித்தானடா" என்றான் மெதுவாக. "கோர்ட்டை விடு. அப்பா சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். எந்த முகத்தோடு சொல்வேன்?"

என்னிடம் செய்திதான் இருந்தது, சொன்னேன். ஹிந்து கலாசாரம் இதைக் குற்றமாக நினைத்ததே இல்லை என்று ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கர் சொல்லியிருந்தார். ஹரிக்கும் ஹரனுக்கும் பிறந்த ஐயப்பனையே சாட்சிக்கு அழைத்திருந்தார். மும்பைக் கார்டினல் ஆஸ்வால்ட் கிரேஷியஸ் இத்தகைய கல்யாணத்தை ஏற்காதவர். அவரும், 'இவர்களைத் திருச்சபை குற்றவாளிகளாகக் கருதியதில்லை' என்றார்.

நண்பன் பதில் பேசவில்லை. அன்றிரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். அவர் வாயே திறக்கவில்லை. ஆனால் மலையிலிருந்து திரும்பியதும் அரவணைப் பாயசத்தை முதலில் அவன் கையில்தான் கொடுத்தாராம்.

சட்டம் இறங்கி வந்தது 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி. அப்பா அதற்கு முன்பே இறங்கி வந்துவிட்டார்!