கிளம்பு... காத்து வரட்டும்!

உங்க கம்ப்யூட்டர்ல, நீங்க கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருக்கிற சாஃப்ட்வேர் எத்தனைன்னு எப்பவாவது எண்ணிப் பார்த்திருக்கீங்களா பாஸ்? செட்டிங்ஸ்ல போய் 'ஆப்ஸ்' லிஸ்ட்டைத் திறந்து பாருங்க. முன்னப்பின்ன தெரியாத பேர் நாலாவது வரிசைகட்டி நிக்கும். என்னிக்கோ ஒரு இலவச பி.டி.எஃப். கன்வெர்ட்டரைப் போடும்போது, 'நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்'னு தட்டிக்கிட்டே போயிருப்போம். அதுல ஒரு பக்கத்துல, அவங்களே டிக் அடிச்சுவெச்ச குட்டிக் கட்டம் ஒண்ணு இருந்திருக்கும். அந்த வழியா உள்ளே புகுந்த கோஷ்டிதான் இது. ஒரு பத்திரிகை வெச்சதுக்கு ஒன்பது பேர் பந்திக்கு வந்த கதை!

'அதனால என்ன, அன்இன்ஸ்டால் பண்ணிட்டா போச்சு'ன்னு கிளம்பினீங்கன்னா, அங்கேதான் ஆரம்பிக்கும் அழிச்சாட்டியம். 'நிச்சயமா தூக்கணுமா?'ன்னு கேட்கும். அழுவுற பொம்மை ஒண்ணைக் காட்டும். 'பாதி விலைக்குத் தர்றோம்'னு பேரம் பேசும். 'வெச்சுக்கிறேன்' பட்டன் பளிச்சுனு பச்சையில இருக்கும்; 'வேண்டாம்'ங்கிறது கண்ணுக்கே தெரியாத சாம்பல் கலர்ல இருக்கும். எல்லாத்தையும் தாண்டி, ரீஸ்டார்ட் பண்ணி, அப்பாடான்னு நிமிர்ந்தா... ஓரத்துல அதே ஐகான். 'சௌக்கியமா?'ன்னு சிரிக்கும்!

ஏன் இப்படி? இதுல மாயமந்திரம் ஒண்ணும் இல்லீங்க. நாம நினைக்கிற மாதிரி ஒரு சாஃப்ட்வேர் ஒரே ஃபோல்டர்ல அடங்கி ஒடுங்கி இருக்காது. கொஞ்சம் 'புரோகிராம் ஃபைல்ஸ்'ல இருக்கும். கொஞ்சம் 'ரெஜிஸ்ட்ரி'ல இருக்கும். அது விண்டோஸோட பெரிய கணக்கு நோட்டு. சிஸ்டம் ஆன் ஆனதும் தானா எழுந்திருக்க ஒரு ஏற்பாடு, 'டாஸ்க் ஷெட்யூலர்'ல ஒரு அலாரம்னு நாலு இடத்துல வேர்விட்டிருக்கும். முக்கியமான விஷயம், நீங்க அன்இன்ஸ்டால் அமுக்கும்போது பல சமயம் வேலை பார்க்கிறது விண்டோஸ் இல்லை. அந்த சாஃப்ட்வேரே கொண்டுவந்த அன்இன்ஸ்டாலர்தான் ஓடுது. அதாவது, குடியிருக்கிறவரையே 'நீங்களே காலி பண்ணிட்டுப் போங்க'ன்னு சொல்ற மாதிரி. நல்ல மனுஷன் வீட்டைக் கூட்டிப் பெருக்கி சாவியைக் கையில கொடுத்துட்டுப் போவார். வில்லங்கமான ஆசாமி, ஒரு ரூமைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகிக்கிட்டுப் போவார்!

அடம்பிடிக்கிற எல்லாமே அயோக்கியன் இல்லை, அதையும் சொல்லணும். ஆன்டிவைரஸ் சுலபத்துல நகராது. ஏன்னா, வைரஸ் வந்து அதைத் தூக்கிடக் கூடாதே! அதுக்காகத்தான் நார்ட்டன், மெக்காஃபி மாதிரி கம்பெனிகள் தங்களோட சரக்கை எடுக்கறதுக்குன்னே தனி டூல் கொடுக்கிறாங்க.

ஆனா, சிலர் பண்ணின வேலை இருக்கே... 2005-ல 'சோனி பி.எம்.ஜி.' கம்பெனி, பாட்டு சி.டி-யை யாரும் காப்பி அடிக்கக் கூடாதுன்னு ஒரு ஏற்பாடு பண்ணுச்சு. சி.டி-யைக் கம்ப்யூட்டர்ல போட்டா, ஒரு புரோகிராம் உள்ளே இறங்கி ஒளிஞ்சுக்கும். குறிப்பிட்ட எழுத்துகள்ல ஆரம்பிக்கிற பேர் வெச்ச எந்த ஃபைலும் விண்டோஸ் கண்ணுக்கே தெரியாது. 'ஆஹா, நல்ல பதுங்கு குழி'ன்னு வைரஸ்காரங்களும் அதே பேரை வெச்சு உள்ளே வந்தாங்க. அந்த வருஷம் அக்டோபர் 31-ம் தேதி இதை ஊருக்குப் போட்டு உடைச்சவர் மார்க் ருசினோவிச். எதிர்ப்பு கிளம்பினதும் கம்பெனி ஒரு அன்இன்ஸ்டாலர் கொடுத்துச்சு. அது இன்னொரு புது ஓட்டையைத் திறந்துவிட்டுச்சு! கடைசியில சி.டி-க்களைத் திரும்ப வாங்க வேண்டியதாப் போச்சு. திருட்டு காப்பி அடிச்சவனுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. காசு கொடுத்து வாங்கினவன்தான் மாட்டினான்.

2015 பிப்ரவரியில லெனோவோ முறை. புது லேப்டாப் சிலதுல, விளம்பரம் காட்டறதுக்காக 'சூப்பர்ஃபிஷ்'னு ஒண்ணைக் கம்பெனியிலேயே போட்டு அனுப்பியிருந்தாங்க. 'இந்த வெப்சைட் அசல்தான்'னு உறுதி சொல்ற முத்திரை ஒண்ணையும் அது சொந்தமா வெச்சிருந்துச்சு. புரோகிராமைத் தூக்கினாலும் முத்திரை உள்ளேயே தங்கிடும். அந்த முத்திரையை வெச்சு எவனாவது போலி பேங்க் சைட் காட்டினாலும், கம்ப்யூட்டர் தலையாட்டிடும். அப்புறம் லெனோவோவே அதை நீக்க டூல் வெளியிட்டுச்சு.

பெரிய கம்பெனி கதையை விடுங்க. எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கிற அக்காவோட கதைக்கு வாங்க. ஹால் டிக்கெட், வேலைக்கு அப்ளிகேஷன், பயோடேட்டா டைப்பிங்னு அவங்க பொழப்பே ஒரே ஒரு கம்ப்யூட்டர்லதான். செமஸ்டர் லீவுக்குப் போயிருந்தப்போ கூப்பிட்டாங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரை முழுக்கச் சிவப்பு. 'ஆயிரத்துச் சொச்சம் பிழைகள்! உடனே பணம் கட்டுங்கள்!' ஏதோ ஒரு 'ஸ்பீடு' சாஃப்ட்வேர். "ரெண்டாயிரத்து சொச்சம் கேட்குது தம்பி. கட்டிட்டா சரியாயிடுமா?"ன்னாங்க. "கட்டிடாதீங்கக்கா"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்தேன்.

முதல்ல அவங்க ஃபைல் எல்லாத்தையும் ஒரு பென் டிரைவ்ல எடுத்துவெச்சு, ஒரு 'ரீஸ்டோர் பாயின்ட்' போட்டாச்சு. அன்இன்ஸ்டால் அமுக்கினா, 'புரோகிராம் ஓடிக்கிட்டிருக்கு, முடியாது'ன்னு பதில். டாஸ்க் மேனேஜர்ல நிறுத்தினா, அடுத்த நிமிஷமே உயிரோட வருது. அதை எழுப்பிவிடற ஆள் வேற எங்கேயோ இருக்கான்னு அர்த்தம். அவனைக் கண்டுபிடிக்க 'ஆட்டோரன்ஸ்'னு ஒரு இலவச டூல் இருக்கு. மைக்ரோசாஃப்ட் சைட்டுலயே கிடைக்கும். சோனியை மாட்டிவிட்ட அதே ருசினோவிச் உருவாக்கினதுதான்! அதுல தேடினா, டாஸ்க் ஷெட்யூலர்ல ரெண்டு அலாரம். ரெண்டுக்கும் டிக்கை எடுத்துட்டு, 'சேஃப் மோட்'ல சிஸ்டத்தைத் திறந்தேன். விண்டோஸுக்கு அத்தியாவசியமானது மட்டும் எழுந்திருக்கிற நிலைமை அது. சில அன்இன்ஸ்டாலர் அங்கே ஓடாது, இது ஓடுச்சு. மிச்ச ஃபோல்டரை அழிச்சு, பிரவுசர்ல ஒட்டிக்கிட்டிருந்த எக்ஸ்டென்ஷனையும் தூக்கினதும் சிவப்புத் திரை காலி. மொத்தம் ஒரு மணி நேரம்.

அக்கா கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "அப்போ அந்தப் பிழையெல்லாம் பொய்யா தம்பி? கம்ப்யூட்டரே சொல்லுதுன்னுல்ல நெனைச்சேன்! ரெண்டு மாசமா, எப்ப நின்னு போயிடுமோன்னு பயந்துக்கிட்டே கடையைத் திறந்தேன்"னாங்க. எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. ரெண்டாயிரம் ரூபாயை விடுங்க, அந்த ரெண்டு மாச பயத்துக்கு யார் பதில் சொல்றது?

நமக்கு அது வெறும் பாப்-அப். 'சும்மா கூவுது'ன்னு மூடிடுவோம். ஆனா, மெஷின் பேசறது எது, உள்ளே புகுந்தவன் பேசறது எதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாதவங்களுக்கு, ரெண்டும் ஒரே குரல்தான். அந்தக் குழப்பத்துலதான் இந்த சாஃப்ட்வேர் எல்லாம் சோறு தின்னுது.

ஹாஸ்டல்ல எதுக்கெடுத்தாலும் 'ஃபார்மட் அடிச்சிடு மச்சி'ம்பாங்க. அது கடைசி ஆயுதம். முதல்ல கேட்க வேண்டிய கேள்வி, 'இவனை யார் எழுப்பிவிடறா?' அதுக்கும் முன்னாடி, எதை இன்ஸ்டால் பண்ணினாலும் 'கஸ்டம்'னு ஒரு ஆப்ஷன் இருந்தா அதைத் தட்டி, எந்தக் கட்டத்துல டிக் இருக்குன்னு பாருங்க. நம்ம காசுல வாங்கின மெஷின். போன்னா போகணும்!

அடுத்த தடவை லீவுக்கு ஊருக்குப் போறப்போ, அப்பா கடையிலயோ சித்தி வீட்டுலயோ இருக்கிற கம்ப்யூட்டர் முன்னாடி ஒரு அரை மணி நேரம் உட்காருங்க. 'இது எதையாவது சொல்லி உங்களை பயமுறுத்துதா?'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அவங்களா வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க!