மாடிக்கும் கீழுக்கும் ஒரே மீட்டர்

வாடகை 15,000. கரண்ட், தண்ணீர், வாசல் பெருக்குபவரின் சம்பளம் எல்லாம் அதற்குள் அடக்கம். 2022 கடைசியில் நங்கநல்லூரில் மாடி போர்ஷன் பார்க்கப் போனபோது வீட்டுக்கார சார் இதைச் சொன்னதும், எங்களுக்கு வேறு வீடு பார்க்கத் தோன்றவில்லை. அதற்கு முன்பு இருந்த வீட்டில் சப் மீட்டர். யூனிட்டுக்கு எட்டு ரூபாய், மோட்டாருக்குத் தனியாகக் கொஞ்சம், லாரித் தண்ணீர் வாங்கினால் அதிலும் பங்கு. மாதம் பிறந்தால் ஒரே தொகை, அதோடு தலைவலி முடிந்தது என்பது பெரிய நிம்மதியாக இருந்தது.

பனிக்காலம் வரை ஒரு குறையும் இல்லை. சாரும் அம்மாவும் ஓய்வுபெற்ற தம்பதி. கைக்குழந்தையோடு நான் படியேறினால் பையை வாங்கிக்கொள்ள அம்மா எழுந்து வருவார். பங்குனி வெயில் ஏறியதும் பேச்சு மாறியது. “ராத்திரி முழுக்க ஏசி ஓடிச்சாம்மா? சத்தம் கேட்டுதே” என்பார் சார். கோபமாகச் சொல்ல மாட்டார். குழந்தைக்கு வேர்க்குரு என்று நான் பதில் சொல்வேன். காசு கொடுத்துக் குடியிருக்கும் வீட்டில் ஏசி போட்டதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்ததே, அது என்னை உள்ளுக்குள் அரித்தது.

அவர்கள் கோயிலுக்குக் கிளம்பிய பிறகு துணி இஸ்திரி போட ஆரம்பித்தேன். வாஷிங் மெஷினை எந்த நேரத்தில் போட்டால் கீழே கேட்காது என்று யோசித்தேன். மே மாதம் ஊரிலிருந்து என் அம்மா வந்தாள். அவள் இரண்டு வேளை குளிப்பவள். பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம், கீழே மோட்டார் போடுவார்களே என்று என் காது அங்கேதான் இருக்கும். அவள் கிளம்பும் நாளில் “இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போம்மா” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

ஜூனில் பில் வந்தது. சார் போனை எடுத்துக்கொண்டு மாடிக்கே வந்துவிட்டார். ஆயிரம் யூனிட், 6,550 ரூபாய். “நாங்க ரெண்டு பேர், ஒரு ஏசி. இவ்வளவு வர நியாயமே இல்லைம்மா” என்றார். எங்களைச் சொல்கிறார் என்று எனக்கு முகம் சிவந்தது. என் கணவர்தான் பேப்பரை எடுத்தார். “பாதி எங்களோடதுன்னே வச்சுக்குவோம் சார். ஆளுக்கு ஐந்நூறு.”

அப்போது நடப்பில் இருந்தது 2022 செப்டம்பர் கட்டணம். இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு முதல் நூறு இலவசம், அடுத்த நூறு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். மொத்தம் 1,725. இரு வீட்டுக்கும் சேர்த்தால் 3,450. ஆனால் எங்கள் இரண்டு வீடும் ஒரே மீட்டரில் ஓடியதால், மின் வாரியத்தின் கணக்கில் நாங்கள் ஒரே பெரிய வீடு. இலவச நூறு ஒரு முறைதான். ஐந்நூறைத் தாண்டியதால் 2.25 என்ற சலுகை விலையே போய்விட்டது. அதற்கு மேல் எட்டு, ஒன்பது, பத்து என்று விலை ஏறிக்கொண்டே போனது. 3,100 ரூபாய் அப்படித்தான் கூடியிருந்தது.

சார் அந்தப் பேப்பரை நெடுநேரம் பார்த்தார். “அப்ப யாரும் அதிகமா எரிக்கலையா?” என்றார். என் மனதில் இருந்த கேள்வியும் அதுதான். இரண்டு வீடும் அளவாகத்தான் எரித்திருந்தோம். நடுவில் இருந்த கசப்பைக் கொண்டுவந்தது அந்த ஒற்றை மீட்டர்.

மாடிக்குத் தனி வாசலும் தனிச் சமையலறையும் இருந்தன. எலக்ட்ரீஷியனை வைத்து வயரிங்கைப் பிரித்து, சார் தனி சர்வீஸுக்கு எழுதிப் போட்டார். இணைப்பு வந்ததும் வாடகையை 13,500 ஆக்கி, கரண்ட் பில்லை எங்களையே கட்டச் சொன்னார். தண்ணீர் மட்டும் பழையபடி வாடகையோடு. பில் எங்கள் போனுக்கு வரத் தொடங்கிய பிறகுதான் கீஸர் அரை மணி ஓடினால் ஒரு யூனிட் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது. ஏசியை இப்போதும் சில இரவுகளில் நிறுத்துகிறேன், யாருக்கும் பயந்து அல்ல.

எல்லாம் சேர்த்து வாடகை என்பதையே நான் குறை சொல்ல மாட்டேன். தனியாளாக ஓர் அறையில் தங்குபவருக்கு அது சௌகரியம்தான். ஆனால் குடும்பமாகப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு, இந்தக் கட்டடத்தில் எத்தனை மீட்டர், என் போர்ஷன் எதில் ஓடுகிறது என்று கேட்டுவிட வேண்டும். கேட்கத் தயங்கினால் அந்தத் தயக்கத்துக்கு மாதாமாதம் விலை கொடுக்க நேரும்.

எங்களுக்காவது பேப்பரை எடுத்துப் பேச முடிந்தது, வீட்டுக்காரரும் நல்லவர். லைன் வீடுகளில் இருப்பவர்களை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. 2016 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். அது ஒவ்வொரு குடும்பத்துக்கும் போய்ச் சேருகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது போய்ச் சேருவது மீட்டருக்கு. ஆறு குடும்பம் ஒரே மீட்டரில் இருக்கும் வரிசையில், அதைச் சமமாகப் பிரித்தாலும் ஒரு குடும்பத்துக்குப் பதினேழு யூனிட் தேறாது. ஒரே ஒரு பழைய சீலிங் ஃபேன் இரவும் பகலும் ஓடினால், ஒன்பது பத்து நாளில் அது தீர்ந்துவிடும். மிச்ச ஐம்பது நாளுக்கும் அவர்கள் வீட்டுக்காரர் சொன்ன ரேட்டைத்தான் கொடுக்கிறார்கள்.