பத்து நாள் காற்று

அறையை விட்டு வரும்போது விளக்கை அணைக்கிறவரா நீங்கள்? அப்படியானால் நாம் இருவரும் ஒரே கட்சி. நான் ஒரு படி மேல். உள்ளே ஆள் இருந்தாலும் சில சமயம் அணைத்துவிடுவேன்! பற்பசைக் குழாயைக் கத்தரித்து வழிப்பதும், பால் கவரை அலம்பிய தண்ணீரைக் காபியில் சேர்ப்பதும் எனக்குச் சர்வ சாதாரணம். இதற்கெல்லாம் நான் வைத்த பெயர் சிக்கனம். என் கணவர் வைத்த பெயர் 'நிஜாம்'.

ஹைதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலி கானைத்தான் சொல்கிறார். உலகத்திலேயே பெரிய பணக்காரர் என்று 1937-ல் அமெரிக்க 'டைம்' பத்திரிகை அட்டையில் படம் போட்டதே, அவர்தான். அவருடைய கருமித்தனத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். 184 காரட்டுக்கு மேற்பட்ட ஜேக்கப் வைரத்தை, மேஜைமேல் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்தாராம்.

"அவர் வீட்டில் விசிறியாவது சுற்றியிருக்கிறது! இல்லாவிட்டால் காகிதம் ஏன் பறக்கிறது?" என்றார் இவர். நானும் சிரித்தேன்.

போன வருஷம் அக்கினி நட்சத்திரத்தில் என் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து பத்து நாள் தங்கினாள். வந்த அன்று, தண்ணீர் குடிக்க அவள் எழுந்து போன இடைவெளியில் கூடத்து விசிறியை நிறுத்தினேன். கை தானாகப் போயிற்று. மறுநாளிலிருந்து மத்தியானங்களில் அம்மா வெறும் தரையில் படுத்து, பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டாள். "அந்தக் காற்று எனக்கு ஒத்துக்கலைடி" என்றாள். "பாட்டியைப் பார்த்துக் கற்றுக்கொள்" என்று என் பெண்ணிடம் பெருமையடித்தேன் நான்.

அம்மா ஊருக்குப் போன மறுநாள் அவள் மெதுவாகச் சொன்னாள்: "பாட்டி என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாம்மா. 'மத்தியானம் ஃபேன் போட்டுண்டா உங்கம்மா ஏதாவது சொல்வாளா?'ன்னு."

"நீ என்ன சொன்னாய்?"

"ஒண்ணும் சொல்லலை."

அப்போதும் பாருங்கள், என் புத்தி கணக்குப் போட்டது. சாதாரண விசிறிக்கு 75 வாட். ஒரு யூனிட் செலவாக 13 மணி நேரத்துக்கு மேல் சுற்ற வேண்டும். தினம் 3 மணியாகப் பத்து நாளைக்கு இரண்டேகால் யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 18 ரூபாய்.

இந்த வருஷமும் கூப்பிட்டிருக்கிறேன். "வெயில் தணியட்டும்டி, வரேன்" என்கிறாள்.